ஸ்கீ பலகை காணாமல் போனால் என்ன செய்வது? முதன்முறை பனிச்சறுக்குக்குப் போகிறவர்களுக்கான செய்முறை விளக்கம்

மதிய உணவை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, நான் சாய்த்து வைத்துவிட்டுப் போன இடத்தில் என் ஸ்கீ பலகைகள் இல்லை. நான்கடி தள்ளி அதே நிறத்தில், அதே நிறுவனத்தின் பெயரோடு ஒரு ஜோடி நின்றது. யாரோ நகர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அதை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மாலையில் வாடகைக் கடை ஊழியர் பலகையின் எண்ணைக் கணினியில் பார்த்துவிட்டு, இது உங்களுக்குக் கொடுத்ததல்ல என்றார். நடந்தது பிறகுதான் புரிந்தது. முதலில் ஒருவர் என் பலகையைத் தன்னுடையது என்று எண்ணி எடுத்துப் போயிருக்கிறார். அவருடையது வரிசையின் மறுகோடியில் அப்படியே நின்றிருக்கிறது. நான் எடுத்ததோ மூன்றாவது ஒருவருடையது. அவர் வெளியே வந்து பார்த்துவிட்டு, திருட்டுப் போய்விட்டது என்று புகாரே கொடுத்துவிட்டார். திருடன் என்று ஒருவரும் இல்லாமலே மூன்று பேருடைய நாள் கெட்டது. அதில் ஒரு பங்கு என்னுடையது.

பனிச்சறுக்கு மையங்களில் திருட்டு நடக்காமல் இல்லை. ஆனால் வாடகைப் பலகையோடு முதன்முறை வருகிறவருக்கு நேரக்கூடியது பெரும்பாலும் ஆள் மாறி எடுத்துப் போவதுதான். ஆகவே இந்த விளக்கம் முழுவதிலும் மாறிப்போதலுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: உங்கள் பலகையின் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

வாடகைக் கடைகள் ஒரே மாதிரியான பலகைகளை மொத்தமாக வாங்குகின்றன. ரோசிஞோல், அட்டாமிக், ஹெட் என எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், தொடக்க நிலைப் பலகைகளில் ஒரே வடிவமும் ஒரே வண்ணமும் கொண்டவை ஒரே மையத்தில் நூற்றுக்கணக்கில் புழங்கும். நீளம் ஐந்தாறு சென்டிமீட்டர் வேறுபட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. அவற்றைப் பிரித்துக் காட்டுவது கடை ஒட்டியிருக்கும் பார்கோடு அல்லது எண் மட்டுமே. அது பொதுவாகப் பலகையின் மேற்பரப்பில், பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும் பைண்டிங்குக்கு அருகிலோ வால் பகுதியிலோ இருக்கும்.

பலகையைக் கையில் வாங்கியதும், கடையை விட்டு வெளியேறும் முன்பே, மூன்று படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இரண்டு பலகைகளும் முழுதாகத் தெரியட்டும். இன்னொன்றில் அந்த எண் வாசிக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கட்டும். மூன்றாவது வாடகை ரசீதுக்கு. கடையின் தொலைபேசி எண் ரசீதிலேயே இருக்கும் என்பதால் அது பின்னால் கைகொடுக்கும். சொந்தப் பலகை என்றால் தயாரிப்பாளர் பொறித்த வரிசை எண், மாதிரியின் பெயர், நீளம், வாங்கிய ரசீது ஆகியவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் போதாது. கடுங்குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கி, வேண்டிய நேரத்தில் திரை கறுத்துவிடும். ரசீதை மடித்து உள்சட்டைப் பையில் போட்டுக்கொள்வது பழைய வழக்கம்தான் என்றாலும் நம்பகமானது.

இரண்டாம் படி: தூரத்திலிருந்தே தெரியும்படி அடையாளம் வையுங்கள்

இரண்டு பலகைகளிலும் பளிச்சென்ற வண்ண ஒட்டுநாடாவை ஒட்டுங்கள். பலகைகளை நிறுத்தும் சட்டத்தில் அவை செங்குத்தாக நிற்பதால், முன்முனைகள்தான் மற்றவற்றின் மேல் தலைநீட்டிக்கொண்டிருக்கும். நாடா அந்த முனைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில், மேற்பரப்பில் இருந்தால் பத்தடியிலிருந்தே உங்கள் கண்ணில் படும். அடிப்பரப்பிலும் இரும்பு விளிம்பிலும் ஒட்டக்கூடாது. ஈரப் பலகையில் நாடா நிற்காது என்பதை முதல் நாளே கற்றுக்கொண்டேன்: பனியில் நின்றபடி ஒட்டியது, சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிச் செல்லும் லிஃப்டில் ஏறி இறங்குவதற்குள் உரிந்து போயிற்று. பலகையை இரவு அறைக்குள் வைத்து, துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் பயணம் முடியும்வரை இருக்கும்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. அடையாளம் உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் பலகையைத் தவறுதலாக எடுக்கப் போகிறவருக்கும் தெரிகிறது. "என்னுடையதில் நாடா இல்லையே" என்று அவர் கை தயங்கினால் போதும். கையில் ஊன்றும் கோல்களுக்கும் பூட்ஸுக்கும் அதே நிறத்தில் ஒரு சுற்று போட்டுவிடுங்கள்.

சொந்தப் பலகைக்கு ஏர்டேக் போன்ற இடங்காட்டியையும் பொருத்தலாம். அது 31.9 மில்லிமீட்டர் விட்டமும் 8 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் வரை இயங்குமாறு வடிவமைக்கப்பட்டது. அது தானாக இருப்பிடத்தைக் கண்டுபிடிப்பதில்லை. அருகில் கடந்து செல்லும் பிறருடைய ஆப்பிள் கைபேசிகள் மூலமாகத்தான் தகவல் வந்து சேர்கிறது. கூட்டம் மிகுந்த மையத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். உரிமையாளரிடமிருந்து நீண்ட நேரம் பிரிந்திருந்தால் அது ஒலி எழுப்பத் தொடங்கும் என்பதால், எடுத்துப் போனவர் திருடராக இருந்தால் கண்டுபிடித்துக் கழற்றியும் விடலாம்.

மூன்றாம் படி: நிறுத்தும்போது ஒரு நிமிடம் செலவிடுங்கள்

செலவே இல்லாத வழி, ஜோடியைப் பிரித்து வைப்பது. ஒரு பலகையை இந்தச் சட்டத்திலும் மற்றதைச் சற்றுத் தள்ளி வேறொரு சட்டத்திலும் நிறுத்துங்கள். நண்பர் உடன் இருந்தால் உங்கள் இடது பலகையோடு அவருடைய வலது பலகையைச் சேர்த்து, பொருந்தாத இரண்டு ஜோடிகளாக்கி வைக்கலாம். ஒற்றைப் பலகையால் யாருக்கும் பயனில்லை; அவசரமாகத் தூக்கிக்கொண்டு போக நினைப்பவர் இணையைத் தேடிக்கொண்டு நிற்கமாட்டார். தவறுதலாக எடுப்பவரும், கையில் வந்த இரண்டும் வெவ்வேறாக இருப்பதைப் பார்த்ததும் வைத்துவிடுவார்.

அடுத்தது எண் பூட்டுடன் கூடிய மெல்லிய கம்பிவடம். உள்ளங்கைக்குள் அடங்கும் அதை இழுத்து, பைண்டிங்கின் இடுக்கு வழியாகவும் நிறுத்தும் சட்டத்தின் குழாய் வழியாகவும் செலுத்திப் பூட்ட வேண்டும். இரண்டு பலகைகளையும் ஒன்றோடொன்று மட்டும் பூட்டினால் இரண்டையும் சேர்த்தே தூக்கிப் போய்விடலாம். வெட்டுக்கருவியோடு வருகிறவனை இந்த வடம் தடுக்காது என்பது உண்மைதான். ஆனால் கவனமில்லாத நல்ல மனிதரை முழுமையாகத் தடுத்துவிடும். என் கணக்கில் பூட்டின் முக்கியமான வேலையே அதுதான்.

மையத்தில் பலகைகளைப் பெற்றுக்கொண்டு சீட்டுக் கொடுக்கும் காப்பிடம் இருந்தால், விலை உயர்ந்த சொந்தப் பலகைகளுக்கு அதற்கு நிகரானது வேறில்லை. இரண்டு கால்களுக்கும் சேர்த்து ஒரே பலகையாக இருக்கும் ஸ்னோபோர்டுக்குப் பிரித்து வைக்கும் உத்தி பயன்படாது என்பதால் பூட்டு அல்லது காப்பிடம் அவசியம். இரவில் காரின் கூரையிலோ தரைத்தளத் தாழ்வாரத்திலோ எதையும் விட்டு வைக்காதீர்கள். கையுறை, கண்ணாடி முதலியவற்றை ஹெல்மெட்டுக்குள் போட்டு உங்களோடு மேசைக்கே எடுத்துச் செல்லுங்கள். அவை தொலைந்தால் கண்டுபிடிப்பது பலகையைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம்.

நான்காம் படி: காணவில்லை என்றதும் வரும் பத்து நிமிடங்கள்

முதலில் நீங்கள் நிற்பது சரியான சட்டம்தானா என்று பாருங்கள். பசியோடு உள்ளே போன வழியும் திரும்பி வந்த வழியும் வேறாக இருக்கலாம். அடுத்து இருபுறமுள்ள எல்லா வரிசைகளையும், கீழே விழுந்து கிடப்பவற்றையும் சேர்த்துப் பாருங்கள். காற்று தள்ளியிருக்கலாம், பனியை அகற்ற வந்த ஊழியர் நகர்த்தியிருக்கலாம். உடன் வந்தவர்களிடமும் கேளுங்கள்.

அதன் பிறகு, உங்களுடையதைப் போலவே இருக்கும் ஜோடி ஏதாவது தனியாக எஞ்சி நிற்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதன் எண்ணைப் படம் எடுங்கள். எடுத்து மாட்டிக்கொள்ள மட்டும் வேண்டாம். மூன்றாவது மனிதர் ஒருவர் உள்ளே வந்துவிடுவார் என்பது ஒரு காரணம். உங்கள் முழங்கால் இன்னொரு காரணம்.

பைண்டிங்கின் முன்பகுதியிலும் பின்பகுதியிலும் சிறிய சாளரம் போன்ற இடத்தில் ஓர் எண் தெரியும். டின் எண் என்று சொல்லப்படும் அது, விழும்போது எவ்வளவு விசையில் பூட்ஸை விடுவிக்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. உங்கள் எடை, உயரம், வயது, சறுக்கும் திறன், பூட்ஸ் அடிப்பகுதியின் நீளம் ஆகியவற்றை அட்டவணையில் பார்த்துக் கடைக்காரர் அதை அமைக்கிறார். உங்களைவிட மிகுந்த எடையும் அனுபவமும் உள்ள ஒருவருக்காக அமைத்த பலகையில் நீங்கள் விழுந்தால் பூட்ஸ் விடுபடாமல், திருகல் முழுவதும் காலில் இறங்கும். முழங்கால் தசைநாரோ கீழ்க்கால் எலும்போ சேதப்படக்கூடும். குறைவாக அமைத்திருந்தால் சாதாரணத் திருப்பத்திலேயே பலகை கழன்றுவிடும்.

பூட்ஸ் சரியாகப் பொருந்துகிறதே, அதனால் என்னுடையதுதான் என்று முடிவுகட்டவும் முடியாது. பூட்ஸின் வெளிக்கூட்டில், குதிகால் பக்கம், 305 என்பது போல் மில்லிமீட்டரில் ஒரு நீளம் பொறித்திருக்கும். பைண்டிங்கை அமைப்பது அந்த நீளத்துக்குத்தான், பாதத்தின் சென்டிமீட்டர் அளவில் 26, 26.5 போன்ற அரை அளவு வித்தியாசமுள்ள பூட்ஸுகளுக்கு வெளிக்கூடு பெரும்பாலும் ஒன்றே. ஆகவே அந்நியருடைய பலகையும் உங்கள் பூட்ஸை "டக்" என்று கவ்விக்கொள்ளும். என்னை ஏமாற்றியது அந்தச் சத்தம்தான்.

ஐந்தாம் படி: மாறிப்போயிருந்தால் எண்ணின் வழியே ஆளைத் தேடுங்கள்

எஞ்சி நிற்கும் பலகையில் ஒட்டியிருக்கும் சீட்டு, அது எந்தக் கடையுடையது என்பதைக் காட்டும். அந்தக் கடையை அழைத்து, "இந்த எண்ணுள்ள பலகை இந்த இடத்தில் நிற்கிறது; இதை வாடகைக்கு எடுத்தவர் என்னுடையதைக் கொண்டுபோயிருக்கக்கூடும்; என்னுடைய எண் இது" என்று சொல்லுங்கள். வாடகைப் பதிவில் பெயரும் தொலைபேசி எண்ணும் இருப்பதால் அவர்களால் நேரடியாக அவரை அழைக்க முடியும். அவருடைய எண்ணை உங்களுக்குத் தரமாட்டார்கள். தர வேண்டும் என்று வற்புறுத்தவும் வேண்டாம்.

கூடவே, உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிய ஒரு துண்டுத்தாளை அந்தப் பலகையில் நாடாவால் ஒட்டிவிட்டு, அதை நின்ற இடத்திலேயே விட்டுவையுங்கள். தவறை உணர்ந்தவர் முதலில் திரும்பி வருவது அந்த இடத்துக்குத்தான். மையம் மூடும் நேரம் நெருங்கினால் மட்டும் ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒப்படைத்ததைக் கடைக்கும் தெரிவியுங்கள். வழியிலேயே அவர் உணரவில்லை என்றாலும், மாலையில் திருப்பிக் கொடுக்கும்போது பார்கோடு அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இது மலைமேல் உள்ள உணவகத்தில் நடந்தால் கீழே இறங்குவது தனிச் சிக்கல். நடந்தே இறங்கிவிடலாம் என்று எண்ணாமல், லிஃப்ட் ஊழியரிடம் நிலைமையைச் சொல்லி, லிஃப்டிலேயே கீழே இறங்க முடியுமா என்று கேளுங்கள். மூடிய பெட்டி வகையாக இருந்தால் பொதுவாக முடியும். நடந்தே ஆக வேண்டும் என்றால் தடத்தின் ஓரமாகவே நடக்க வேண்டும். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் 10 நடத்தை விதிகளில் ஏழாவது விதி அதைத்தான் சொல்கிறது.

தவறு செய்தது நீங்கள்தான் என்று பாதித் தடத்தில் தெரிந்தால், ஓரமாக நிறுத்தி, மெதுவாக இறங்கி, எடுத்த இடத்துக்கே திரும்புங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு மாலைவரை ஓட்டிவிட்டுக் கடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், அங்கே ஒருவர் பனியில் பூட்ஸோடு நின்றுகொண்டிருப்பார்.

ஆறாம் படி: திருட்டு என்று தோன்றினால்

ஒத்த ஜோடி எதுவும் எஞ்சவில்லை, கடைக்கும் தகவல் இல்லை, மையம் மூடியும் திரும்பவில்லை என்றால் திருட்டு என்று கொள்ளலாம். அன்றே மையத்தின் விருந்தினர் சேவை மேசையில் பதிவு செய்து, தொலைந்த பொருள் பிரிவிலும் விவரம் கொடுங்கள். அந்தப் பகுதியில் கண்காணிப்புக் கேமரா இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிறகு காவல்துறையில் புகார் கொடுத்து, புகார் எண்ணுள்ள நகலைப் பெறுங்கள். நிறுவனம், மாதிரி, நீளம், பைண்டிங், நிறம், வரிசை எண் அல்லது கடை எண், கடைசியாகப் பார்த்த நேரம், காணவில்லை என்று கண்ட நேரம் ஆகியவை புகாரில் இருக்கட்டும். "கறுப்பு நிறப் பலகை" என்று மட்டும் எழுதிய புகாரை வைத்து யாராலும் எதையும் தேட முடியாது.

காப்பீட்டில் காலம் முக்கியம். பல ஒப்பந்தங்கள் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் புகார் பதிந்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. கவனிப்பாரின்றிப் பூட்டாமல் விட்ட பொருளுக்கு இழப்பீடு இல்லை என்ற விதியும் பலவற்றில் உண்டு. வாடகைக் கடையில் கூடுதல் தொகை கட்டித் திருட்டுப் பாதுகாப்பு எடுத்திருந்தாலும், ஒரு பகுதித் தொகையை நீங்களே ஏற்க வேண்டியிருக்கலாம், புகார் நகலையும் கேட்பார்கள். ஆகவே கையெழுத்திடும்போதே "பூட்டாவிட்டால் செல்லுமா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது.

இணையத்தில் பழைய பொருள் விற்கும் தளங்களில் சில வாரங்கள் தேடிப் பாருங்கள். உங்களுடையது போல் ஒன்று தென்பட்டால், விற்பவரை நீங்களே போய்ச் சந்திக்காமல், விளம்பரத்தைப் படமெடுத்துப் புகார் எண்ணோடு காவல்துறையிடம் கொடுங்கள்.

பலகை திரும்பக் கிடைத்துவிட்டால், மாட்டிக்கொள்ளும் முன் டின் எண்ணையும் பைண்டிங்கின் நீள அமைப்பையும் கடையில் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள். வாடகைப் பைண்டிங்கைச் சில நொடிகளிலேயே மாற்றியமைக்க முடியும் என்பதால், இடையில் அதை வைத்திருந்தவர் தன் பூட்ஸுக்குத் தக்கபடி நகர்த்தியிருக்கலாம். புகாரும் காப்பீட்டுக் கோரிக்கையும் கொடுத்திருந்தால், பொருள் கிடைத்துவிட்டது என்று இரண்டு இடங்களுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.