தூண்டி வகை அல்லாத ஏ.டி.எச்.டி. மருந்து எடுப்பவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன்

ஏ.டி.எச்.டி.க்கு, அதாவது கவனச்சிதறலும் மிகை இயக்கமும் உள்ள நிலைக்கு, மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின் போன்ற தூண்டி வகை (ஸ்டிமுலன்ட்) மருந்து எடுக்கும் வெளிநாடு வாழ் தமிழர்கள் இந்தியாவுக்கோ இலங்கைக்கோ தாயகப் பயணம் என்றதும் வெகு முன்பே கடிதம், அனுமதி என்று அலையத் தொடங்கிவிடுவார்கள். அவை சட்டக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள் என்று அவர்களுக்குத் தெரியும். தூண்டி வகை அல்லாத அட்டோமாக்ஸெட்டின், குவான்ஃபசின், குளோனிடின், விலாக்ஸசின் எடுப்பவர்களுக்கு அந்தப் பதற்றம் வருவதில்லை. "இதுக்குத்தான் கட்டுப்பாடு இல்லையே, தீர்ந்தால் அங்கேயே ஒரு பார்மசியில் வாங்கிக்கொள்ளலாம்" என்று நினைத்துப் பாதி அட்டையோடு விமானம் ஏறிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கை ஆபத்தானது. சட்டம் தடுக்காத மருந்து எல்லாம் கடை அலமாரியில் இருக்கும் என்று பொருள் இல்லை.

ஏன் கிடைப்பதில்லை என்பதை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஒரு மருந்து ஒரு நாட்டில் விற்கப்பட வேண்டுமானால் ஏதாவது ஒரு நிறுவனம் அங்கே விண்ணப்பித்து, அனுமதி வாங்கி, இறக்குமதியோ தயாரிப்போ செய்ய வேண்டும். வாங்குபவர்கள் குறைவு என்று தோன்றினால் யாரும் அந்தச் செலவை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விலாக்ஸசினை எடுத்துக்கொள்ளுங்கள். க்யூல்பிரீ என்ற பெயரில் 2021இல்தான் அமெரிக்காவில் ஏ.டி.எச்.டி.க்கு அனுமதி பெற்றது. அதை எடுப்பவர்கள் அமெரிக்காவை விட்டு வெளியே வந்தால் எங்கும் கிடைக்காது என்றே வைத்துத் திட்டமிடுவது நல்லது. குவான்ஃபசினின், உடலில் மெல்ல மெல்ல நீடித்து வெளியாகும் மாத்திரை, அதாவது இன்டியூனிவ், 2009இல் அமெரிக்காவிலும் 2015இல் ஐரோப்பாவிலும் வந்தது. தாயகத்துக் கடைகளில் அதை நம்பியும் போகாதீர்கள்.

நான்கில் ஏ.டி.எச்.டி.க்கு முதலில் அனுமதி பெற்றது அட்டோமாக்ஸெட்டின். ஸ்ட்ராட்டெரா என்று 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தியாவில் ஆக்செப்டா, அட்டென்ட்ரால் போன்ற பெயர்களில் விற்கிறார்கள். கடையில் போய் "ஸ்ட்ராட்டெரா" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். அட்டோமாக்ஸெட்டின் என்ற மூலப்பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டும் பல கடைகளில் இருக்காது. காரணம் இந்த மருந்தை எழுதுபவர்கள் பெரும்பாலும் மனநல மருத்துவர்கள், குழந்தை நரம்பியல் மருத்துவர்கள் மட்டுமே. எழுதுபவர் குறைவு, வாங்குபவர் குறைவு, கிடப்பில் போட்டால் காலாவதியாகிவிடும். அதனால் கடைக்காரர் கேட்டவருக்கு மட்டும் ஸ்டாக்கிஸ்டிடம் சொல்லி வரவழைக்கிறார். மனநலப் பிரிவு உள்ள மருத்துவமனைகளை ஒட்டிய மருந்துக்கடைகளில் முதலில் விசாரிப்பது அதனால்தான் பலன் தரும்.

அளவும் ஒரு சிக்கல். அட்டோமாக்ஸெட்டின் மேற்கு நாடுகளில் 10, 18, 25, 40, 60, 80, 100 மில்லிகிராம் என்று ஏழு அளவுகளில் வருகிறது. கடையில் மருந்து இருந்தும் உங்கள் அளவு இல்லாமல் போகலாம். ஒரு 80க்கு இரண்டு 40 சரிதான், ஆனால் அதை மருத்துவர் சீட்டில் எழுத வேண்டும். கேப்ஸ்யூலைப் பிரித்துப் பாதியாக்கவே கூடாது. உள்ளே இருக்கும் தூள் கண்ணில் பட்டால் எரிச்சல் உண்டாக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் "இந்தியாவில் தயாரிக்கப்பட்டது" என்று இருப்பதைப் பார்த்து, "அங்கிருந்துதானே வருகிறது" என்று நினைப்பவர்கள் உண்டு. ஏற்றுமதிக்கான தயாரிப்பு வேறு, உள்நாட்டு விற்பனைக்கான பிராண்டு வேறு. ஒன்று ஓடுவதால் மற்றது கடைக்கு வந்துவிடாது. நீங்கள் வாழும் நாட்டிலும் நிலைமை எப்போதும் சீராக இருப்பதில்லை. பிரிட்டனில் 2023 செப்டம்பரில் தேசிய அளவில் வெளியான ஏ.டி.எச்.டி. மருந்துத் தட்டுப்பாட்டு எச்சரிக்கையில் குவான்ஃபசினும் இருந்தது. ஆகவே பயணத்துக்கான கூடுதல் மருந்தைக் கடைசி வாரத்தில் கேட்காதீர்கள். காப்பீடு மூலம் வாங்குபவர்கள் பயணத்துக்காக முன்கூட்டி வாங்க அனுமதி உண்டா என்று ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

இலங்கை செல்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, மருந்து ஒழுங்குமுறை அதிகாரசபையில் பதிவான மருந்துகளையே இறக்குமதி செய்து விற்கலாம். இரண்டு கோடியைச் சற்றுத் தாண்டிய மக்கள்தொகை. அதில் இந்த மருந்துகள் தேவைப்படுவோர் சிறு பகுதி. 2022 பொருளாதார நெருக்கடியில் உயிர்காக்கும் மருந்துகளுக்கே எப்படித் திண்டாடினார்கள் என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். அங்கே போய் வாங்கலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, முழுப் பயணத்துக்கும் கையில் கொண்டு போங்கள்.

இந்தியாவுக்குள் எவ்வளவு கொண்டுபோகலாம்? 1945 மருந்து விதிகளின் 36ஆம் விதி, சொந்த உபயோகத்துக்காகப் பயணப் பெட்டியில் வரும் மருந்தை அனுமதிக்கிறது. ஒரு மருந்துக்கு 100 சராசரி வேளை அளவுக்கு மேல் போகக் கூடாது. தினம் ஒரு வேளை எடுப்பவருக்கு ஏறக்குறைய மூன்று மாதத்துக்குப் போதும். அதற்கு மேல் வேண்டுமானால் படிவம் 12ஏ-வில் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். "தீர்ந்தால் வீட்டிலிருந்து பார்சலில் அனுப்பச் சொல்வோம்" என்பது சரிப்படாது. உங்களோடு பயணப் பெட்டியில் வராத மருந்துக்கும் அந்த அனுமதி தேவை, பார்சல் சுங்கத்தில் நின்றுவிடும். வெளிநாட்டு மருத்துவரின் சீட்டும் அங்கே சட்டப்படி செல்லாது. இந்தியாவில் பதிவுபெற்ற மருத்துவர் எழுதிய சீட்டுதான் வேண்டும்.

இப்போது எனக்கு அதிகம் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். மருந்து இடையில் நின்றால் என்ன ஆகும் என்பது நான்கு மருந்துகளுக்கும் ஒன்றில்லை. அட்டோமாக்ஸெட்டினைப் படிப்படியாகக் குறைக்காமல் நிறுத்தினாலும் பொதுவாக உடலுக்கு ஆபத்தில்லை. ஆனால் அதன் முழுப் பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். இரண்டு வாரம் விட்டுவிட்டால் திரும்பி வந்த பின்னும் இழப்பு தொடரும்.

குவான்ஃபசினும் குளோனிடினும் அப்படி இல்லை. இவை முதலில் இரத்த அழுத்தத்துக்கான மருந்துகள். திடீரென நின்றால் அழுத்தமும் நாடித்துடிப்பும் எகிறலாம். குவான்ஃபசினைக் குறைப்பதாக இருந்தாலும் 3 முதல் 7 நாளுக்கு ஒருமுறை 1 மில்லிகிராமுக்கு மேல் குறைக்கக் கூடாது. இரண்டு நாள் தொடர்ந்து தவறிவிட்டால் பழைய அளவை அப்படியே மீண்டும் விழுங்காமல் மருத்துவரைக் கேளுங்கள். சிறிய அளவிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியிருக்கலாம். பயணத்தில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் சகஜம். குழந்தை மருந்தை விழுங்கியதுமே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தால், மருந்து கையில் இருந்தும் அது நின்றுபோன மாதிரிதான். இது ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். உடல் நீர் வற்றுவதும் வெயிலில் அதிகம் சூடேறுவதும் குவான்ஃபசின் எடுப்பவருக்கு மயக்கம் தரலாம். குழந்தைக்கு அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். கடும் தலைவலி, நெஞ்சு படபடப்பு, மயக்கம், குழப்பம் என்று வந்தால் இந்தியாவில் 108, இலங்கையில் 1990 ஆம்புலன்ஸ் எண்கள்.

இங்கே கடைக்காரரின் நல்லெண்ணமே சிக்கலைக் கொண்டுவரலாம். குளோனிடின் இந்தியாவில் ஆர்காமின் போன்ற பெயரில் இரத்த அழுத்தத்துக்குக் கிடைக்கிறது. "இதுவும் அதேதான்" என்று கொடுப்பார்கள். அது உடனே கரையும் மாத்திரை. உங்களிடம் இருப்பது நீடித்து வெளியாகும் வகையாக இருந்தால் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் மாற்ற முடியாது. மருத்துவர் ஒருவர் கணக்குப் போட்டு, அழுத்தத்தைப் பார்த்துக் கொடுத்தால் அது இடைக்கால வழியாகலாம். கடைக்காரர் சொல்லி நீங்களாக மாற்றக் கூடாது. நீடித்து வெளியாகும் மாத்திரையை உடைப்பதோ பொடிப்பதோ கூடாது.

சரி, கையோடு என்ன வேண்டும்? பயண நாட்களுக்கு முழு அளவு, அதற்கு மேல் இரண்டு வாரத்துக்கு. எல்லாம் கைப்பையில், மருந்துக்கடை ஒட்டிய லேபிளோடு மூலப் பெட்டியில். மருத்துவரின் கடிதத்தில் மூலப்பெயர், அளவு, உடனே கரையும் வகையா நீடித்து வெளியாகும் வகையா என்பது, எதற்காக எடுக்கிறீர்கள் என்பது எல்லாம் இருக்கட்டும். மற்ற மருந்துகளின் பட்டியலும் சேர்த்து வையுங்கள். ஊரில் காய்ச்சல், இருமல் என்று போனால் ஏதாவது எழுதித் தருவார்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆண்டிபயாட்டிக் குவான்ஃபசினின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். மனச்சோர்வு மருந்துகளான ஃப்ளூஆக்ஸெட்டினும் பாராக்ஸெட்டினும் அட்டோமாக்ஸெட்டினுக்கு அதையே செய்யும். பட்டியலைப் பார்த்தால்தான் மருத்துவர் வேறு மருந்து யோசிப்பார்.

எல்லாம் செய்தும் மருந்து தொலைந்துவிட்டால், கடை கடையாக அலைவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பல மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. இந்தியாவில் காணொளி வழி ஆலோசனைக்கு 2020இல் விதிமுறை வந்துவிட்டது. மெத்தில்ஃபெனிடேட் போன்ற மனமயக்கப் பொருள் பட்டியலில் உள்ளவற்றை அந்த வழியில் எழுத முடியாது, தூண்டி வகை அல்லாதவற்றுக்கு அந்தத் தடை இல்லை. குவான்ஃபசின், குளோனிடின் என்றால் கையில் இன்னும் ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே போங்கள். முழுதாகத் தீர்ந்த பின் போனால் படிப்படியாகக் குறைக்கவும் வழி இருக்காது. வாட்ஸப்பில் "எந்த மருந்தும் கிடைக்கும்" என்பவர்களிடம் வாங்கவே வேண்டாம்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "லீவுதானே, கொஞ்ச நாள் மருந்தை நிறுத்திப் பாரேன்" என்று அன்போடு சொல்பவர்கள் இருப்பார்கள். தூண்டி வகை மருந்து அன்றன்றைக்கே வேலை செய்து முடிவது. அதனால் சிலருக்கு மருத்துவர் சொல்லி விடுமுறை நாட்களில் இடைவெளி விடுவதுண்டு. இந்த நான்கும் தினமும் எடுத்தால்தான் பயன் தருபவை, குவான்ஃபசினையும் குளோனிடினையும் திடீரென நிறுத்துவது ஆபத்தும்கூட. அந்த இரண்டில் ஒன்றை எடுப்பவராக இருந்தால், "இதை நடுவில் நிறுத்தினால் பிரஷர் ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். குழந்தையை ஒரு நாள் வேறு யாராவது பார்த்துக்கொள்வதாக இருந்தால் அன்றைய மாத்திரையை, எப்படிக் கொடுப்பது என்று எழுதிய தாளோடு சேர்த்து அவர் கையில் கொடுங்கள். நேர வித்தியாசத்தால் முதல் இரண்டு நாள் எப்போது கொடுப்பது என்பதையும் கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.