‘லேட்டாத்தான் வருவான்’: ஆங்கிலத்தில் எப்படி?

ஒருவரின் வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்காலத்தைத்தான் பிடித்துக்கொள்வோம்: “அவன் லேட்டாத்தான் வருவான்.” இதை அப்படியே “ஹி வில் கம் லேட்” என்று சொன்னால், கேட்பவர் இன்றைய வருகையைச் சொல்வதாகவே பெரும்பாலும் நினைப்பார். “ஹி டெண்ட்ஸ் டு கம் லேட்” (He tends to come late) என்றால் அவனுடைய சுபாவம் புரிந்துவிடும்; ‘டெண்ட் டு’ என்றால் பெரும்பாலும் அப்படிச் செய்வது என்று பொருள். ‘டு’வுக்குப் பின் வினைச்சொல் மாறாமல் நிற்கும், அவன், அவள், அது என்றால் ‘டெண்ட்’டோடு ஒரு ‘ஸ்’ சேரும், அவ்வளவுதான்.

குறை சொல்லும்போதுதான் இதன் அருமை தெரியும். “யூ ஆல்வேஸ் ஃபர்கெட்” என்றால் சண்டைக்கு இழுப்பது போலிருக்கும். “யூ டெண்ட் டு ஃபர்கெட்” என்று சொல்லிப் பாருங்கள், விஷயமும் போய்ச் சேரும், முகமும் சுளிக்காது. அப்புறம், ஒரே ஒரு தடவை நடந்ததற்கு இது ஒத்துவராது.