கல்லீரல் சிரை அடைப்போடு இங்கிலாந்துக்கு வருகிறீர்களா?

வங்கிக் கணக்கு, பஸ் கார்டெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் யாருக்காவது பட்-கியாரி, அதாவது கல்லீரலிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகளில் அடைப்பு இருந்தால், வந்த வாரமே ஜி.பி.யிடம், அதாவது உங்கள் பகுதிக் குடும்ப டாக்டரிடம், பதிவு செய்துவிடுங்கள். முகவரிச் சான்று கேட்டால் தயங்காதீர்கள், அது கட்டாயமில்லை. நிபுணரை நேராகப் போய்ப் பார்க்க முடியாது, ஜி.பி. கடிதம் வேண்டும். என் மைத்துனருக்கு நிபுணரைப் பார்க்க நாள் கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை தீர்ந்துவிடுமோ என்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது. கையிருப்போடு வாருங்கள்.

அந்த மாத்திரையாக ஊரில் பலருக்கு அசிட்ரோம் தருவார்கள், இங்கே பெரும்பாலும் வார்ஃபரின். வேலை ஒன்றுதான், மில்லிகிராம் கணக்கு வேறு. நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள். இங்கே நிறத்தை வைத்தே பேசுவார்கள்: 1 மி.கி. பழுப்பு, 3 நீலம், 5 இளஞ்சிவப்பு. "இன்று ஒரு நீலம், இரண்டு பழுப்பு" என்று மைத்துனர் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருப்பார். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் வழக்கமாக 2க்கும் 3க்கும் நடுவே நிற்க வேண்டும். முருங்கைக்கீரையை விட வேண்டாம், ஆனால் ஒரு வாரம் தினமும், மறுவாரம் ஒன்றுமில்லை என்று இருந்தால் ஐ.என்.ஆர். ஆடும். சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் வலி மாத்திரை ஐபுபுரூஃபனை மட்டும் தொடாதீர்கள், இரத்தக்கசிவு வரலாம்.

ஸ்டென்ட்டோ (சிரையைத் திறந்து வைக்கும் குழாய்) டிப்ஸோ (கல்லீரலுக்குள் இரத்தம் போகப் போடும் மாற்றுப் பாதை) வைத்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் சி.டி., ஜாக்2 என்ற மரபணு இரத்தப் பரிசோதனை முடிவு மூன்றையும் கைப்பையில் வையுங்கள். கழுத்துச் சிரை வழியே போய்க் கல்லீரலுக்குள் போட்ட அந்த டிப்ஸ் பாதை மறுபடி அடைபடலாம். அதனால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் தொடர வேண்டும். டிப்ஸ் வைத்தவர் பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருந்தால், பேச்சு குழறினால், ஜெட்லாக் என்று விட்டுவிடாதீர்கள். இரத்த வாந்தி, கறுப்பு மலம் என்றால் உடனே அவசர எண் 999ஐ அழையுங்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள், காசில்லை. வயிற்றில் நீர் கோத்ததைப் பத்து வயதுப் பிள்ளை டாக்டரிடம் விளக்குவது பாவம்.

விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டியவருக்கு மருத்துவமனை பில் வராது. மருந்துச்சீட்டுக்கு மட்டும் 2025 கணக்கில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட். மாதம் இரண்டு மருந்து என்றால் வருடத்துக்கு 237.60. வருடத்துக்கு மொத்தமாக முன்பே கட்டும் முன்பணச் சான்றிதழ் வாங்கினால் 114.50தான்.

பெண்களுக்கு ஒன்று: ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை இந்த நோய்க்கு ஆகாது. குழந்தைக்குத் திட்டமிட்டால் கரு தங்கும் முன்பே ஜி.பி.யிடம் சொல்லுங்கள், வார்ஃபரினுக்குப் பதில் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசிக்கு மாற்றுவார்கள்.