கோது சிக்கிய துவக்கு

தம்பலகாமத்து வயலில் பன்றிக் காவலுக்கு எங்களிடம் உரிமப் பத்திரத்தோடு ஓர் ஒற்றைக்குழல் துவக்கு இருக்கிறது. குழல் அளவு 12 போர் (bore); ஒரு இறாத்தல் ஈயத்தை 12 உருண்டையாக்கினால் ஒன்றின் பருமன்தான் குழலின் வாய். போன மார்கழி மழையில் சுட்ட கோது, அதாவது தோட்டாவின் வெற்றுக்கூடு, குழலைவிட்டு வெளியே வரவில்லை. ஒற்றைக்குழலில் அதற்கு மேல் என்ன செய்வது? பன்றிகள் ஆறுதலாக மேய்ந்துவிட்டுப் போயின.

விடிந்ததும், வெடித்த கோதுதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு, குழல் வாய் வழியாக மரக்கம்பை விட்டுத் தட்டினேன். விழுந்தது. பித்தளைத் தலையில் பாசி மாதிரிப் பச்சைக் களிம்பு. குற்றவாளி என் தோல் பட்டி. பதனிட்ட தோலில் உள்ள அமிலம் ஈரத்தோடு சேர்ந்து பித்தளையை அரிக்கும். நானோ வருஷக்கணக்காகத் தோட்டாக்களை அதிலேயே சொருகித் தொங்கவிட்டிருந்தேன், பார்க்க எடுப்பாக இருக்கும் என்று!

தோட்டா உட்காரும் இடத்தை மண்ணெண்ணெய் தொட்ட பித்தளைப் பிரஷால் தேய்த்தேன். துணியில் துரு காவியாக வந்தது. நன்றாகத் துடைத்து மெல்லிசாக எண்ணெய் பூசினேன். மீதித் தோட்டாக்களையும் தேய்த்துப் பாவிக்கலாம் என்று பார்த்தால், மாமா விடவில்லை. "பேசாமல் கொண்டுபோய் ஒப்படை தம்பி" என்றார். சரி, ஒப்படைத்தேன்.

புதியவை இப்போது இறுக்க மூடும் பிஸ்கட் தகரத்தில். இந்த மழைக்குக் கோது விரலுக்கே கழன்று வருகிறது.