சின்ன மிக் வெல்டரைத் தூக்கிப் போடாதீர்கள், அதைச் சரிசெய்து காரைப் பற்றவைக்கலாம்

துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் துண்டை வைத்து மிக் வெல்டரால், அதாவது டார்ச் என்ற கைப்பிடி வழியாக மெல்லிய கம்பியைத் தானாகத் தள்ளி மின்சாரத்தால் உருக்கி ஒட்டுகிற மெஷினால், பற்றவைக்கப் போகிறீர்கள். ஒரு இடத்தில் கம்பி உருகாமல் முட்டிக்கொண்டு டார்ச்சைப் பின்னால் தள்ளுகிறது, இரண்டு விரல் தள்ளி அதே செட்டிங்கில் தகடு ஓட்டையாகி அடியில் தரை தெரிகிறது. என் கைதான் சரியில்லை என்று நானும் பல மாதம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பாதித் திட்டு மெஷினுக்குப் போயிருக்க வேண்டியது.

விலை குறைந்த மிக் வெல்டர்களில் டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் இருக்கும். காசை மிச்சம் பிடித்திருப்பது அதற்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கிற சில்லறை சாமான்களில். கரண்ட் போகிற வழி, கம்பி போகிற வழி, இந்த இரண்டையும் சீராக்கினாலே அதே மெஷின் வேறு மாதிரி ஓடும். எதைத் தொடும் முன்னும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். உள்ளே கெப்பாசிட்டர் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் நிற்கும், அதனால் உள்பக்கம் பழக்கமில்லாதவர்கள் அந்த மூடியைத் திறக்கவே வேண்டாம்.

படி 1: எர்த் கிளாம்ப்

கரண்ட் மெஷினுக்குத் திரும்புவதற்காகத் தகட்டைக் கவ்வுகிற பிடிதான் எர்த் கிளாம்ப். கூட வருகிற கிளாம்ப் பெரும்பாலும் மெல்லிய தகரத்தை மடித்துச் செய்தது. கேபிள் ஒரு தாடையில்தான் இணைந்திருக்கும், மறு தாடைக்குக் கரண்ட் ஸ்பிரிங் வழியாகவும் ஆணி வழியாகவும் தட்டுத்தடுமாறிப் போக வேண்டும். ஒரு நிமிடம் பற்றவைத்துவிட்டு மெஷினை அணைத்து, கிளாம்பின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், சுட்டால் தகட்டுக்குப் போக வேண்டிய சூடு அங்கே வீணாகிறது என்று அர்த்தம். கனமான பித்தளை கிளாம்ப் ஒன்று வாங்கி மாட்டுங்கள். கேபிளும் ஒல்லியாக இருந்தால், 150 ஆம்ப் வரைக்கும் உள்ள மெஷினுக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள் போடலாம், முனையில் லக் என்ற உலோக வளையத்தை நன்றாக அழுத்திப் பிடித்து.

கிளாம்ப் உட்காரும் இடத்தில் பெயிண்டை கிரைண்டரால் சுரண்டி வெள்ளைத் தகடு தெரிய வேண்டும், பற்றவைக்கிற இடத்துக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே. கதவைப் பற்றவைக்கும்போது எர்த்தை பாடியில் மாட்டாதீர்கள், கரண்ட் கீல் வழியாகப் போகும். சக்கர பேரிங் வழியாகப் போனால் அது இன்னும் மோசம், உருளைகளில் குழி விழுந்துவிடும்.

படி 2: கம்பி போகிற வழி

என் நேரத்தை அதிகம் தின்றது இதுதான். கார்த் தகடு சுமார் 0.7 முதல் 1 மில்லிமீட்டர் கனம். அதற்கு 0.6 மில்லிமீட்டர் கம்பி போதும், 0.8 போட்டால் அதை உருக்கவே அதிகக் கரண்ட் வைக்க வேண்டியிருக்கும், தகடு தாங்காது. கம்பியை மாற்றும்போது, டார்ச் நுனியில் கம்பி வெளியே வருகிற டிப்பையும் மாற்றுங்கள், கம்பியைத் தள்ளுகிற ரோலரில் 0.6 பள்ளம் இருக்கிற பக்கத்தைத் திருப்பிப் போடுங்கள். பெரிய பள்ளத்தில் மெல்லிய கம்பி வழுக்கும். அது தெரியாமல் நான் அழுத்தத் திருகை இறுக்கிக்கொண்டே போனேன், கடைசியில் கம்பி உள்ளேயே சுருண்டு நூல்கண்டுச் சிக்கலாகிவிட்டது.

அழுத்தம் சரியா என்று பார்க்க ஒரு வழி: கிளாம்பைக் கழற்றி எந்த உலோகத்தையும் தொடாதபடி ஒதுக்கி வைத்துவிட்டு, கையுறை போட்டு, டார்ச்சை ஒரு மரக்கட்டைக்குச் சாய்வாகப் பிடித்துக் கம்பியை ஓடவிடுங்கள். கம்பி நிற்காமல் வளைந்து சுருள வேண்டும். டார்ச்சை நன்றாக அழுத்தினால் ரோலர் வழுக்க வேண்டும். கம்பிச் சுருள் மாட்டியிருக்கும் ஸ்பூலின் பிரேக், டார்ச் விசையை விட்டதும் சுருள் தானாகச் சுற்றாத அளவுக்கு மட்டும் போதும்.

அப்புறம் லைனர். டார்ச் கேபிளுக்குள் கம்பி ஓடுகிற குழாய் அது, செம்புத் தூசியும் துருவும் அடைத்துக்கொள்ளும். காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், அப்போதும் கம்பி தடுமாறினால் புது ஸ்டீல் லைனர் போடுங்கள், வெட்டிய முனையில் பிசிறு இருக்கக் கூடாது. வேலை செய்யும்போது டார்ச் கேபிளைச் சுருட்டி வைக்காமல் நீட்டிப் போட்டாலே பாதித் தொல்லை போய்விடும்.

படி 3: கம்பி தள்ளும் மோட்டார்

எல்லோருக்கும் தேவையில்லை. பழைய வகை மெஷின் சிலவற்றில் மோட்டாருக்கும் பற்றவைப்புக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம், பொறி பிடித்ததும் வோல்ட்டேஜ் இறங்கி மோட்டார் சுணங்கும். கையை ஆட்டாமலே சத்தம் ஏறி இறங்கினால், படி 2 எல்லாம் முடித்த பிறகும் அப்படியே இருந்தால், இதைச் சந்தேகப்படலாம். மோட்டாருக்கு அதன் வோல்ட்டேஜுக்கு ஏற்ற தனி டிசி சப்ளையும் வேகக் கட்டுப்பாட்டு போர்டும் கொடுத்து, டார்ச் விசையை ரிலே என்ற மின் சுவிட்ச் வழியாக இணைப்பார்கள். எலக்ட்ரிக்கல் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்கிற வேலை.

படி 4: கேஸும் கரண்ட் ஒயரும்

உருகுகிற இடத்தில் வெளிக்காற்று படாமல் காப்பதுதான் கேஸின் வேலை. தூக்கிப் போடுகிற குட்டி சிலிண்டர் நாலு வெல்டிங் தையலுக்குள் தீர்ந்துவிடும். திரும்ப நிரப்பக்கூடிய சிலிண்டரும், ஓட்டம் காட்டும் ரெகுலேட்டரும் வாங்குங்கள். மெல்லிய தகட்டுக்கு ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த கேஸ் நல்லது, தனி கார்பன் டை ஆக்சைடில் சிதறல் அதிகம். நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் போதும். கூட வைத்தால் கேஸ் சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், தையலில் பொடிப்பொடி ஓட்டை விழும். எக்ஸ்டென்ஷன் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், முழுதாகப் பிரித்துப் போடுங்கள்.

படி 5: வண்டிக்குப் போகும் முன்

அதே கனமுள்ள வேஸ்ட் தகட்டில் குறைந்த கரண்டில் ஆரம்பியுங்கள், கம்பி டிப்பிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் நீட்டியிருக்கட்டும், கம்பி வேகத்தைக் காதால் பாருங்கள். சடசடவென்று சீராகப் பொரிகிற சத்தம் வர வேண்டும். தகட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் உருகிய தடம் தெரிய வேண்டும், தெரியவில்லை என்றால் மேலே ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

வண்டியில் நீளமாக இழுக்காதீர்கள், தகடு நெளியும். 25 மில்லிமீட்டருக்கு ஒரு பொட்டு, ஒன்று இங்கே, அடுத்தது தள்ளி அங்கே, நடுநடுவே ஆறவிட்டு. இடைவெளி பெரிதாக இருந்தால் பின்னால் ஒரு செம்புத் தகட்டை அண்டக் கொடுங்கள், கம்பி செம்பில் ஒட்டாது.

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், பெட்ரோல் டேங்க்கும் குழாய்களும் கிட்டே இருந்தால் இறக்கிவிடுங்கள். தகட்டைத் துடைக்க குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தொடவே கூடாது, வெல்டிங் வெளிச்சமும் சூடும் பட்டால் அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். முடித்த பிறகு அரைமணி நேரம் வண்டியை விட்டு நகராதீர்கள். ஒரு முறை நான் கைகழுவிவிட்டு வந்து பார்த்தபோது, பற்றவைத்த இடத்துக்கு மறுபக்கம் தார்ப்பூச்சு சத்தமில்லாமல் புகைந்துகொண்டிருந்தது.