அஷ்டமி பார்த்துப் படகை இறக்குங்கள்

எங்கள் சித்தியவான் எஸ்டேட்டுப் பக்கம் யாராவது பழைய ஃபைபர் சம்பான் (சிறு படகு) வாங்கிவிட்டால் போதும், வருகிற ஞாயிறே மீன் பிடிக்க லுமுட்டுக் கடலில் இறக்கத் துடிப்பார்கள். பொறுங்கள், முதலில் சுவரில் தொங்கும் நாள்காட்டியை எடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீரோட்டம் இழுக்கிற இழுப்பில் ஈயக்குண்டு தரையைத் தொடுவதற்குள் தூண்டில் எங்கோ போய்விடும். அஷ்டமி தொடங்கி தசமி வரை ஓட்டம் தளர்ந்திருக்கும். பாட்டி அஷ்டமி நவமியில் செருப்புகூட வாங்க விடமாட்டார், ஆனால் கடலடிப் பாறைகளில் வாழும் மீனுக்கு அதுதான் நல்ல நாள்.

அடுத்தது, நன்றாக விடியட்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வீசும் புயல்காற்று பெரும்பாலும் பின்னிரவிலோ காலையிலோதான் வரும். மேற்கே கறுப்புச் சுவர் மாதிரி மேகம் எழும்பினால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி, கரைக்குத் திரும்பிவிடுங்கள்.

முதல் தடவையே செம்பிலான் தீவுகளுக்கு ஓடாதீர்கள். லுமுட்டுக்கு எதிரே உள்ள பங்கோர் தீவை ஒட்டிய பாறைகளே போதும். கடற்படைத் தளத்தின் பக்கமும் ஃபெரி ஓடும் வழியிலும் நிற்காதீர்கள், முக்குளிப்பவர்கள் இருக்கும் இடத்தில் தூண்டில் வேண்டவே வேண்டாம். எண்ணெய்க் கணக்கு சுலபம்: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மீதி கையிருப்பு. படகை இறக்கும் முன் அடியிலுள்ள நீர் வடியும் ஓட்டைக்குத் தக்கையைப் போட்டீர்களா என்று பாருங்கள் (சிரிக்காதீர்கள், நான் மறந்திருக்கிறேன்). எஞ்சின் ஓடும்போது அதைக் குளிர்விக்கும் தண்ணீர் பின்னால் பீய்ச்ச வேண்டும். மிதவைச் சட்டை உடம்பில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள், நேரம் தாண்டினால் அவர்கள் அவசர எண் 999-ஐ அழைக்கட்டும்.

இப்போது நங்கூரம். புதியவர்கள் பணத்தைத் தொலைப்பது இங்கேதான். என் முதல் நங்கூரம் இன்னும் பாறை இடுக்கில் கிடக்கிறது, கயிற்றை அறுத்துவிட்டு வந்தேன். பவளத்தின் மேலேயே போடாதீர்கள், பவளமும் உடையும், நங்கூரமும் மாட்டும். ஓட்டம் வருகிற பக்கத்தில் மணல் தரையில் போட்டுக் கயிறு விட்டால் படகு தானாகப் பின்வாங்கிப் பாறைக்கு மேல் வந்து நிற்கும். கயிறு ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது வேண்டும். சங்கிலியை நங்கூரத்தின் அடிப்பக்கத்தில் மாட்டி, மேல் வளையத்தில் கேபிள் டை ஒன்றால் மட்டும் கட்டுங்கள். சிக்கிக்கொண்டால் பலமாக இழுக்க அது அறுந்து, நங்கூரம் பின்பக்கமாகக் கழன்று வரும். கட்டுவது எப்போதும் முன்மூக்கில்தான். பின்பக்கம் கட்டினால் அலை உள்ளே ஏறிப் படகையே கவிழ்க்கும்.

தூண்டிலில் ஈயக்குண்டை மட்டும் மெல்லிய தங்கூசியில் (நைலான் இழை) கட்டுங்கள், பாறையில் மாட்டினால் குண்டோடு போகும், மற்றது மிஞ்சும். இரைக்கு உயிர் இறால், இல்லையென்றால் கணவாய்த் துண்டு. கலவா மீன் கடித்ததும் நிதானம் பார்க்காமல் இரண்டு மூன்று முறை ரீலை வேகமாகச் சுற்றித் தரையிலிருந்து தூக்கிவிட வேண்டும், விட்டால் பொந்துக்குள் புகுந்து செவுளை விரித்துக்கொள்ளும். அப்படிப் புகுந்துவிட்டால் இழுக்காதீர்கள். தங்கூசியைத் தளர்த்திவிட்டு ஐந்து நிமிடம் தேநீர் குடியுங்கள், பல நேரம் அதுவே வெளியே வரும்.