பி.எம். கிசான் பணம் நின்றுபோகும் வழிகள்

நிலமுள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு போடும் பி.எம். கிசான் பணத்தில் ஒவ்வொரு தவணை விழும்போதும் "எனக்கு மட்டும் ஏன் வரல?" என்று பாஸ்புக்கோடு யாராவது வந்து நிற்கிறார்கள். இ-கேஒய்சி (ஆதார் வழிச் சரிபார்ப்பு) முடிக்காதது, ஆதாரில் ஒரு பெயர் பட்டாவில் ஒரு பெயர் என்பதையெல்லாம் இ-சேவை மையத்திலேயே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

உயிரோடு இருக்கும்போதே மகன் பெயருக்கு எழுதுவது

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. பத்திரம் எழுதுபவர் ஏதோ சொல்ல, 2021-ல் மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். "எனக்கு வயசாச்சு தம்பி, இனி அவன் வாங்கிக்கட்டுமே" என்றார்.

அவன் வாங்க முடியாது. 1.2.2019 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதுதான் இந்தத் திட்டத்தில் கணக்கு. அதற்குப் பிறகு கிரயமாகவோ தானமாகவோ வந்த நிலத்தைக் காட்டிச் சேர முடியாது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்தால் மட்டும் விலக்கு உண்டு. 2025-ல் அந்தத் தேதிக்குப் பிறகு நிலம் பெற்றவர்களின் பெயர்களைத் தனியே பிரித்து, நேரில் சரிபார்க்கும்வரை தவணையையே நிறுத்தி வைத்தார்கள்.

ஆக, அப்பாவுக்கு நிலம் இல்லை, மகனுக்குத் தகுதி இல்லை. அந்த மகன் சென்னையில் வேலை பார்த்து வருமான வரி கட்டுகிறவர் வேறு. அப்படிப் பார்த்தாலும் அவருக்குக் கிடைக்காது. பட்டா மாறிய பிறகு அப்பா கணக்கில் விழுந்த தவணைகள் திருப்பிக் கட்ட வேண்டிய பணம். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கப் போனால் சிட்டாவைப் பார்த்துவிட்டு, "மகனைக் கூட்டிட்டு வாங்க" என்கிறார்கள். எழுதிக் கொடுத்த செட்டில்மென்டைத் தானாகப் போய் ரத்து செய்யவும் முடியாது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரவுக்குப் பத்திரச் செலவு செய்து, இருந்ததையும் விட்டாயிற்று.

வேறு காரணத்துக்காக எழுதிக் கொடுத்தால் அது உங்கள் குடும்ப விஷயம். இந்தப் பணத்துக்காக எழுதாதீர்கள். காலத்துக்குப் பிறகு வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டா மாற்றி, மகன் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

கணவன், மனைவி இருவரும்

ஒரு குடும்பத்துக்கு ஒன்றுதான்.

"கமிஷன் கொடு, சேர்த்துவிடுறேன்"

2020-ல் தமிழ்நாட்டில் இப்படித்தான் தகுதியில்லாத லட்சக்கணக்கானோரைச் சேர்த்தார்கள். சுமார் 110 கோடி ரூபாய் போனது, சிபிசிஐடி வந்தது. கமிஷன் வாங்கியவர்கள் ஒரு பக்கம் கைதாக, பணம் வாங்கியவர்களைத் தேடி வசூலுக்கு ஆள் வந்தது.

பி.எம். கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே (செயலி நிறுவும் கோப்பு)

தொடாதீர்கள்.

தெரியாமல் மாறிய வங்கிக் கணக்கு

விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணைப் பார்த்துப் பணம் வருவதில்லை. ஆதாரைக் கடைசியாக எந்த வங்கியில் மானியத்துக்காக இணைத்தீர்களோ அங்கேதான் போகும். சிம் கார்டு வாங்கப் போன இடத்தில் கைரேகை வைத்ததில் ஒரு கணக்கும் தொடங்கிவிட, நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 அதில் விழுந்துகொண்டிருந்தது ஒரு அக்காவுக்குத் தெரியவே இல்லை. ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று இருக்கிறது; ஓடிபி போட்டால் வங்கியின் பெயரைக் காட்டும். வேளாண்மை அலுவலகத்துக்கு நடப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். வேறு வங்கி என்று காட்டினால், வேண்டிய கிளைக்குப் போய் ஆதார் சீடிங் (இணைப்பு) படிவம் எழுதிக் கொடுங்கள்.